கீழிருந்து வெட்டுகிறவன்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள் தம்பி. எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இன்றைக்கு உட்காரவே முடியவில்லை. ஆழ்வார்திருநகரியில் ஏறினீர்கள் இல்லையா? அப்போதிருந்து நாலு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன், உங்கள் தோளில் இடித்துக்கொண்டே. ஒன்றும் நினைக்காதீர்கள். ஐந்து மணிக்குள் நான் பாளையங்கோட்டை போய்ச் சேர வேண்டும். சட்டைப்பையில் ஒரு கடுதாசி இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கள் ஆசிரியர் மேசையில் வைத்தால் என் தலை தப்பும். வைக்காவிட்டால் இருபத்தொன்பது வருஷ வேலைக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பட்டமாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். என்ன வார்த்தை என்கிறீர்களா? பாரபட்சம்.

என்னைப் பார்த்தால் பாரபட்சக்காரன் மாதிரியா இருக்கிறது?

என் பெயர் கோமதிநாயகம். ‘பொருநைச் செய்தி’ படிப்பீர்கள் இல்லையா, அதில் ஏழாம் பக்கம். உலகச் செய்திகள். அந்தப் பக்கம் முழுக்க நான்தான். பக்கத்தில் என் பெயர் இருக்காது. உதவி ஆசிரியர் பெயரை யார் போடுகிறார்கள்? ஆனால் சதாம் உசேன் பிடிபட்டதும், சுனாமியில் பந்தா ஆச்சே மூழ்கினதும், எந்த நாட்டில் எந்த ராஜா செத்ததும் இந்தக் கையால் எழுதித்தான் நம் ஜில்லாவுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் பக்கம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் என் நியாயம் உங்களுக்குப் புரியும்.

மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஏஜென்சிக்காரர்கள் இங்கிலீஷில் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஆறு, ஏழு எடுத்துத் தமிழில் எழுதிப் பக்கத்தை நிரப்பி வைப்பேன். ஆறரை மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து பிரேமா வருவாள். “அண்ணாச்சி, கால் பக்கம் வேணும்.” எதற்கு? கண்ணீர் அஞ்சலிக்கு. நம் பக்கத்தில் ஒருவர் செத்தால் அதோடு முடிகிறதா? முப்பதாம் நாள், முதலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு. நடுவில் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ, கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் பட்டியல், டெக்சாஸில் இருக்கிற பேரனுக்கு டெக்சாஸ் என்று ஊரோடு. அத்தனையும் ஏழாம் பக்கத்துக்குத்தான் வரும். ஏன் தெரியுமா? முதல் பக்கத்தில் கை வைத்தால் முதலாளி கேட்பார். மூன்றாம் பக்கத்தில் கை வைத்தால் கவுன்சிலர் கேட்பார். விளையாட்டில் கை வைத்தால் ஊரே கேட்கும். ஏழாம் பக்கத்தில் கை வைத்தால் யார் கேட்பது? செத்துப்போன வெளிநாட்டுக்காரனா பஸ் ஏறி வந்து கேட்பான்?

ஆக, பிரேமா வந்தால் வெட்ட வேண்டும். எப்படி வெட்டுவது? கீழிருந்து. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது அது. முக்கியமானது எல்லாம் மேலே இருக்கும், மற்றது கீழே இருக்கும், இடம் போதவில்லையா, கீழிருந்து ஒரு பத்தி, இரண்டு பத்தி எடு. தேர்தலா, பூகம்பமா, நோபல் பரிசா, எல்லாவற்றுக்கும் ஒரே கத்திரி. ஆள் பார்த்து வெட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதில் பாரபட்சம் எங்கே வருகிறது, சொல்லுங்கள்.

போன வருஷம் ஐப்பசியில் முதல் கார்டு வந்தது. தபால் கார்டு. இந்தக் காலத்தில் யார் கார்டு எழுதுகிறார்கள்? ஆனால் எழுத்து இருக்கிறதே, அச்சு மாதிரி. எனக்கு அது மனப்பாடம். கேளுங்கள்.

‘ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இன்று ஏழாம் பக்கத்தில் காசாவில் பதினெட்டுப் பேர் பலி என்று வந்துள்ளது. குண்டு எதற்காகப் போட்டோம் என்று ராணுவம் சொன்னது பதினொரு வரி. இறந்தவர்கள் யார், என்ன வயது, எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அதற்குக் கீழே தச்சநல்லூர்ப் பெரியவர் ஒருவருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அவருக்குப் பதினாறு பேரன் பேத்திகள் என்று தெரிந்துகொண்டேன், மகிழ்ச்சி. மற்றவர்களையும் தெரிந்துகொள்ள ஆசை. இப்படிக்கு, பி. ஞானசுந்தரி, நாசரேத்.’

நக்கல் பார்த்தீர்களா?

நான் சிரித்துவிட்டு டிராயரில் போட்டேன். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. தை மாதத்துக்குள் நாற்பத்தொரு கார்டு. எல்லாம் ஏழாம் பக்கம், எல்லாம் பாலஸ்தீனம். எனக்கு என்ன குழப்பம் என்றால், மேலப்பாளையத்திலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ முஸ்லிம் யாராவது எழுதியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். இது நாசரேத். தெருவுக்குத் தெரு சர்ச் இருக்கிற வேதக்காரர் ஊர். அங்கே இருக்கிறவர்கள் இஸ்ரேலுக்குத்தானே ஜெபம் பண்ணுவார்கள்? யாரோ தூண்டிவிட்டு எழுதச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு கார்டில் ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது. ‘டெல் அவிவில் மகனைப் பறிகொடுத்த தாயைப் பற்றிப் பெயரோடும் ஊரோடும் எழுதியிருந்தீர்கள், படித்து அழுதேன், நல்ல செய்தி’ என்று. அதை ஆபீஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த வரி, ‘அதே மாதிரி அந்தப் பக்கத்துத் தாய்மாருக்கும் எழுதுங்கள்’ என்று இருந்தது. அதை வாசிக்கவில்லை. பாராட்டை மட்டும்தானே வாசிப்பார்கள்?

என்ன, வண்டி நிற்கிறது? ஸ்ரீவைகுண்டமா? இங்கே பத்து நிமிஷம் போட்டுவிடுவான் பாவி. மணி என்ன? மூன்றே முக்காலா. சரி, சரி.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த அம்மாவே நேரில் வந்துவிட்டார். அறுபத்து மூன்று, அறுபத்து நாலு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை. நேரே ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். எங்கள் ஆசிரியர் வைரவநாதன் நல்ல மனுஷன்தான், ஆனால் பிரச்சினை வந்தால் பக்கத்தில் நிற்கிறவன் மேல் சாய்ந்துகொள்வார். என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் வரைகிற நோட்டு, பெரிய அளவு, மூன்று.

“என்னவே இது, கோமதி?” என்றார்.

திறந்து பார்த்தேன். இடது பக்கம் என் ஏழாம் பக்கச் செய்தி, வெட்டி ஒட்டியிருக்கிறது. வலது பக்கம் அதே செய்தி ஏஜென்சியில் முழுசாக எப்படி வந்ததோ அப்படி. அந்த அம்மாவின் தங்கை மகள் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தாளாம். அதற்கு மேலே கலர் பென்சில். ராணுவம் சொன்னது, மந்திரி சொன்னது எல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரி சொன்னது, வீட்டுக்காரர்கள் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தது எல்லாம் பச்சை. வலது பக்கம் மேலே மஞ்சளும் கீழே பச்சையுமாக இருக்கிறது. இடது பக்கம், என் பக்கம், வெறும் மஞ்சள். புரட்டப் புரட்ட மஞ்சள். தொண்ணூறு நாள். மஞ்சள் காமாலை வந்தவன் கண் மாதிரி.

நான் என்ன சொல்ல? உள்ளதைச் சொன்னேன். “சார், நான் கீழ இருந்துதான் வெட்டினேன். என்னைக்கும் அப்படித்தான் வெட்டுவேன்.”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அதத்தான் சார் நானும் சொல்லுதேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ஏன் கீழே பச்சை இருக்கிறது என்று என்னைக் கேட்டால்? அதை எழுதி அனுப்புகிறவனைக் கேட்க வேண்டும். அவன் அப்படி அடுக்குகிறான், நான் அப்படி வெட்டுகிறேன். அந்த அம்மா ஆசிரியரிடம் இரண்டு கேட்டார். ஒன்று, இந்தத் தொண்ணூறு நாளும் ஒரு தரப்பு விடுபட்டுப்போனது என்று பேப்பரில் ஒரு திருத்தக் குறிப்பு போட வேண்டும். இரண்டு, இனிமேல் செத்தவர்கள் யார் என்கிற பத்தியைத் தொடக் கூடாது. “இடம் இல்லேன்னா மேல உள்ளதுல கொஞ்சம் எடுங்க. ராணுவம் சொன்னத பதினொரு வரியில சொல்லணுமா? நாலு வரியில சொன்னா ராணுவம் கோவிச்சுக்கிடுமா?” என்றார்.

ஆசிரியர், “பார்க்கலாம்மா, ஆவன செய்வோம்” என்று காப்பி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த அம்மா போனதும் நோட்டை என் கையில் கொடுத்து, “எங்கயாவது வையும்” என்றார். வைத்தேன். ஆவன செய்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கார்டே வரவில்லை. சனி விட்டது என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், காலையில் தபால் வந்ததும் கை தானாகப் போய்த் தேடும். வேறு ஒன்றுமில்லை, பழக்கம்.

இனிமேல்தான் கேட்க வேண்டும் நீங்கள். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறரை மணிக்குப் பிரேமா வந்தாள். “அண்ணாச்சி, முப்பதாம் நாள் கண்ணீர் அஞ்சலி. கால் பக்கம்.” சரி என்று எடுத்து வைத்தேன். விளம்பரத்தை நாங்கள் படிப்பதில்லை தம்பி. அது எங்கள் வேலை இல்லை. கட்டம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், அவ்வளவுதான் பார்ப்போம். அன்றைக்கு மேலே காசா செய்தி பெரிசாக இருந்தது. கீழிருந்து நாலு பத்தி எடுத்தேன், விளம்பரம் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பேப்பரை விரித்தால், கறுப்பு பார்டர். ‘முப்பதாம் நாள் கண்ணீர் அஞ்சலி’. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது காலிக் கட்டம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். ஹனான், வயது முப்பத்து நாலு. யூசுப், பதினொன்று. ரீம், எட்டு. தாரிக், மூன்று. இப்படி ஒன்பது. ‘காசாவில் ரொட்டிக்காக வரிசையில் நின்றபோது உயிரிழந்தவர்கள். சென்ற மாதம் இதே பக்கத்தில் இவர்களது மரணச் செய்தி வெளியானபோது இடமின்மையால் பெயர்கள் விடுபட்டன.’ அதற்குக் கீழே மகன்கள், மருமகள்கள் வருகிற இடத்தில், ‘இவண்: பி. ஞானசுந்தரி, வாசகி, பொருநைச் செய்தி.’

வாசகியாம்!

பிரேமாவைப் பிடித்துக் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். “நான் என்ன அண்ணாச்சி பண்ண? போட்டோ எங்கன்னு கேட்டேன், கிடைக்கலம்மான்னாங்க. நீங்க அவங்களுக்கு என்ன முறைன்னு கேட்டேன். அதுக்குத்தான் வாசகின்னாங்க. முகத்தப் பாத்தா நெசமாவே சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரங்க மாதிரி இருந்திச்சு. எழுதிட்டேன்.”

அந்தப் பெயர்கள் எல்லாம், தம்பி, முப்பது நாளுக்கு முன்னால் நான் வெட்டி எடுத்த பத்தி. அதே ஒன்பது பேர். நான் வெட்டிப் போட்டதையே எடுத்து வந்து, என் பக்கத்திலேயே, என்னையே இடம் ஒதுக்க வைத்து, அதற்காக மேலே இன்னொரு நாலு பத்தியையும் என்னையே வெட்ட வைத்து... இப்படி ஒரு வேலையை எதிரிகூடச் செய்வானா? அன்றைக்கு வெட்டின நாலு பத்தியில் இன்னும் ஏழு பேர் இருந்தார்களாம். அது வேறு.

ஆபீஸில் போன் நிற்கவில்லை. பாதிப் பேர் நன்றி என்றார்கள், பாதிப் பேர் ‘யார்கிட்டவே காசு வாங்கினீங்க’ என்றார்கள். ஒரு டீக்கடையில் அந்தக் கால் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி மாலை போட்டிருந்தார்களாம். முதலாளிக்கு மெட்ராஸிலிருந்து யாரோ பேசியிருக்கிறார்கள். ‘செய்தியா வராதது விளம்பரமா வந்திருக்கே, அப்போ உங்க பேப்பர் செய்திக்கு என்னய்யா அர்த்தம்?’ என்று. அந்த ஒரு கேள்வியில் முதலாளி ஆடிப்போனார். முதலாளி ஆடினால் ஆசிரியர் ஆடுவார், ஆசிரியர் யார் மேல் சாய்வார்? பக்கத்தில் நிற்கிறவன் மேல்.

மெமோ கொடுத்தார்கள். ‘தாங்கள் பாரபட்சமாகச் செயல்பட்டதாகக் கருத ஏன் இடமில்லை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ விளக்கம் சரியில்லை என்றால் ஏழாம் பக்கத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டு ராசிபலன் பக்கத்துக்கு மாற்றுவார்களாம். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. பக்கம் போனால்கூடப் போகட்டும். அந்த வார்த்தை என் ஃபைலில் இருக்குமே? நான் போன பிறகும் இருக்குமே? இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு கட்சிக்காரனிடம் ஒரு டைரிகூட வாங்கியதில்லை நான்.

இன்றைக்கு ஏழாவது நாள். காலையில் ஆசிரியர் கூப்பிட்டார். “வே, அந்த அம்மா கையாலயே, உமக்குப் பாரபட்சம் இல்லன்னு ஒரு கடுதாசி எழுதி வாங்கிட்டு வாரும். அத ஃபைல்ல வச்சு மெமோவையும் மூடிரலாம், அந்த நோட்டுப் பஞ்சாயத்தையும் மூடிரலாம். புகார் குடுத்தவளே குறை இல்லன்னு சொல்லிட்டா பெறவு என்ன?” என்றார். அதுதான் நாசரேத்துக்குப் போனேன்.

கொஞ்சம் அந்தக் கண்ணாடியை ஏற்றுகிறீர்களா? காற்றே இல்லை. வண்டி ஓடுகிறது, காற்று மட்டும் வரவில்லை.

வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீழே விரித்திருந்தது எங்கள் பேப்பர்தான். எனக்குச் சுருக்கென்றது. அவரே சொன்னார், “ஏழாம் பக்கம் இல்ல சார். அத எடுத்து வச்சிட்டுத்தான் மத்தத விரிப்பேன்.” உட்கார வைத்தார். டீ கொடுத்தார். மெமோ விஷயம் பிரேமா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

“நான் அத நினைக்கல சார். நான் பேப்பர் மேலதான் குறை சொன்னேன். பேப்பர் தப்பிச்சுக்கிட்டு ஆளப் புடிச்சுக் குடுத்திருச்சு பாத்தீங்களா” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

நான் கேட்டேன், “ஏன்க்கா, நீங்க வேதக்காரங்க. ஒங்களுக்கு ஏன் இந்த வம்பு?”

“பெத்லகேம்ல இன்னைக்கு குடியிருக்குறது யாருன்னு நினைச்சீங்க? கிறிஸ்மஸ் கார்டுல இருக்குற ஆட்டுக்காரங்களா?” என்றார். “அது கிடக்கட்டும். அங்க சர்ச்சே இல்லேன்னாலும் நான் எழுதியிருப்பேன்.”

அப்புறம்தான் சொன்னார். அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரெக்கார்டு பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவராம். பிணவறைப் பதிவேடு அவர் கையில். “பேர் எழுதாம ஒரு உடம்பயும் நான் வெளிய விட்டதில்ல. பேர் தெரியலேன்னா இருக்கிறத எழுதுவேன். அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது, நீலக் கட்டம் போட்ட கைலி, வலது கையில் செல்வி என்று பச்சை. பதினோரு நாள் கழிச்சு செல்வி வந்தா சார். கோவில்பட்டியில இருந்து. அந்தப் பச்சைய வச்சுத்தான் புருஷனக் கண்டுபுடிச்சா. நான் ‘ஆண், ஒன்று’ன்னு எழுதியிருந்தா?”

கதை நல்ல கதைதான். ஆனால் பதிவேட்டில் பக்கம் தீர்ந்தால் அடுத்த பக்கம் போகலாம். பேப்பரில் போக முடியுமா? அதைத்தான் சொன்னேன். “எனக்கு இடம்தான் பிரச்சினைக்கா, ஆள் இல்ல. நாளைக்கு என்னை ராசிபலனுக்குப் போட்டாலும் இதே கத்திரிதான்.”

“அப்போ இடம் பத்தலேன்னா மீன ராசிய எடுத்துருவீங்களா? அதுதான கடைசி.”

“அய்யய்யோ, அது எப்படி? மீன ராசிக்காரன் விடிஞ்சதும் போன் பண்ணி மானத்த வாங்கிருவான். ராசிபலன்லாம் ராசிக்கு ஒரு வரின்னு பன்னிரண்டுலயும் குறைப்போம்.”

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். ‘ம்’ என்று சொல்லிவிட்டுக் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார். நான் சரியாகத்தானே பதில் சொன்னேன்? பிறகு ஏன் அந்தப் பார்வை?

கடைசியில் அவரே, “எழுதித் தாரேன், சொல்லுங்க” என்று காகிதம், பேனா எடுத்து வந்தார். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, “முழுப் பேரு வேணும்லா? தகப்பனார் பேரு? வயசு?” என்று கேட்டார். பழக்கதோஷம். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் என் அப்பா பெயரைச் சொன்னேன்.

இந்தக் கடுதாசி போனால் அவருடைய நோட்டையும் சேர்த்து மூடிவிடுவார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதோ இருக்கிறது, பாருங்கள். வாசிக்கிறேன்.

‘நாசரேத்தில் வசிக்கும் ஞானசுந்தரி ஆகிய நான் எழுதிக்கொடுப்பது. பொருநைச் செய்தி நாளிதழின் ஏழாம் பக்க உதவி ஆசிரியர் திரு. கோமதிநாயகம், தகப்பனார் பெயர் சங்கரலிங்கம், வயது ஐம்பத்தேழு, பாரபட்சம் உள்ளவர் அல்லர். அவர் எல்லாச் செய்தியையும் கீழிருந்தே வெட்டுகிறார். கீழே இருப்பவர்கள் யார் என்று அவர் பார்ப்பதில்லை.’

இதில் என்ன குறை? நான் சொன்னதுதான். வார்த்தைக்கு வார்த்தை என் வாயால் சொன்னது. நாசரேத் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை வாசித்தேன், நன்றாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பின பிறகு வாசித்தேன். ஆழ்வார்திருநகரியில் வாசித்தேன். இப்போது உங்களுக்கு வாசிக்கிறேன். அந்தக் கடைசி வரி... நான் சொல்லும்போது இப்படி இல்லை தம்பி. என் வாயில் அது சமாதானமாக இருந்தது. அந்த அம்மாவின் கையெழுத்தில் பார்க்கும்போது வேறு என்னவோ மாதிரி இருக்கிறது. நீங்கள் வாசித்துப் பாருங்கள். என்ன, தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள்? சொல்லுங்கள், அது பாராட்டா, குற்றமா?

சரி, அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் என்ன? ‘பாரபட்சம் உள்ளவர் அல்லர், எல்லாச் செய்தியையும் கீழிருந்தே வெட்டுகிறார்.’ போதுமே. அழகாக முடிகிறதே. ஒரு வரிதான். மடித்து, நகத்தால் ஒரு கோடு இழுத்துக் கிழித்தால் தெரியவே தெரியாது. இருபத்தொன்பது வருஷக் கை, கோணாமல் வரும். இந்தாருங்கள், இப்படி மடித்து...

சே.

பார்த்தீர்களா? அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்து இருக்கிறது. பெயர், ஊர், தேதி எல்லாம். வரியை எடுத்தால் பெயரும் போய்விடும். பெயர் போனால் இதற்கு என்ன மதிப்பு? யாரோ எவளோ எழுதின காகிதம். பெயர் இல்லாமல் ஒருத்தர் இருந்தார் என்றே...

கொஞ்சம் இருங்கள். போன் அடிக்கிறது. ஆசிரியர்.

“சொல்லுங்க சார். ஆமா சார், செய்துங்கநல்லூர் தாண்டியாச்சு... இல்ல சார்... இல்ல. குடுக்கல... எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க சார்... கேட்டேன் சார், கெஞ்சிக்கூடக் கேட்டேன்... ஆமா, பிடிவாதக்காரிதான்... சரி சார். நோட்டு என் ரூம்லதான் இருக்கு, எங்கயும் போகல. வந்து மெமோவுக்குப் பதில் எழுதித் தாரேன்... என்ன எழுதுவேன்னு இன்னும் தெரியல சார். வாரேன்.”

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. எனக்கே தெரியவில்லை ஏன் அப்படிச் சொன்னேன் என்று. வாய் சொல்லிவிட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் ஆபீஸில் சொன்ன முதல் பொய், அதையும் என்னைச் சொல்ல வைத்துவிட்டார் அந்த அம்மா. உட்கார்ந்த இடத்தில் கீரை ஆய்ந்துகொண்டு.

பாளை வந்துவிட்டதா? வந்துவிட்டது. மணி நாலரையா? தபாலாபீஸ் ஐந்து வரை இருக்கும் இல்லையா? ஆபீஸ் எங்கே போகப்போகிறது, பத்து நிமிஷம் பிந்திப் போகலாம். ஒரு கார்டு வாங்க வேண்டும். நன்றி சொல்லவெல்லாம் இல்லை, திட்டித்தான் எழுதப்போகிறேன். ஆனால் இதையும் எழுத வேண்டும் இல்லையா? ‘நீங்கள் எழுதித் தந்தீர்கள், நான்தான் தரவில்லை என்று சொல்லிவிட்டேன்’ என்று. நாளைக்கு யாராவது அவரிடம் போய், நீங்கதான் மாட்டேன்னு சொன்னீங்களாமே என்று கேட்டால், அவர் பக்கத்தைச் சொல்ல அவர் கையில் என்ன இருக்கும்? ஒன்றுமே இருக்காதே.

கண்டக்டர், ஆள் இறங்க வேண்டும், விசிலைக் கொஞ்சம் பொறுங்கள். வருகிறேன் தம்பி. கார்டில் அவ்வளவும் பிடிக்குமா என்றுதான் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் இரண்டு கார்டாக வாங்கிக்கொள்கிறேன்.